மரணித்தவரின் சொத்தும் வாரிசுகளின் பொறுப்பும்



அன்புக்குரிய பெற்றோர்களே! இளைஞர்களே!

நம் குடும்பத்தில் ஒருவர் வபாத்தாகிவிட்டால் அவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, நல்லடக்கம் செய்யும் கடமைகளை நாம் பெரும்பாலும் ஒரே நாளில் நிறைவேற்றி விடுகின்றோம். இவ்விடயத்தில் தாமதம் கூடாது என்பதை ஊரிலுள்ள சிறு பிள்ளையும் அறிந்திருக்கிறது. ஆனால் அதே மனிதர் விட்டுச் சென்ற கடன்களைத் தீர்த்து, சொத்துக்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் கடமை மட்டும் மாதக் கணக்கிலும் வருடக் கணக்கிலும் தள்ளிப் போடப்படுகின்றது. நாற்பதாம் நாள் முடியட்டும் என்பர் சிலர். உம்மாவின் இத்தா முடியட்டும் என்பர் வேறு சிலர். உம்மா உயிரோடு இருக்கும் வரை சொத்தைப் பற்றிப் பேசுவது மரியாதையல்ல என்பர் இன்னும் சிலர்.

இவ்வாறு காத்திருக்குமாறு ஷரீஅத் எங்கும் கூறவில்லை. இத்தா என்பது கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாட்களும் அனுஷ்டிக்க வேண்டிய கடமை. அதற்கும் வாரிசுச் சொத்தைக் கணக்கிடுவதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஒருவரின் உயிர் பிரிந்த அக்கணத்திலேயே அவருடைய சொத்தில் வாரிசுகளின் உரிமை ஏற்பட்டு விடுகின்றது. அதன் பின்னர் அச்சொத்தைத் தனியாக அனுபவிப்பவர் மற்றவரின் பொருளையே அனுபவிக்கின்றார். இதனை விளங்கிக் கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு விதவைத் தாயின் முறைப்பாடு

உஹதுப் போரில் ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுக்கு ஒரு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தனர். அக்கால அரபு வழக்கப்படி ஸஃதின் சகோதரர் முழுச் சொத்தையும் தம்வசம் எடுத்துக் கொண்டார். அத்தாய் தன் இரு புதல்வியரையும் அழைத்துக் கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, சொத்து ஏதுமில்லாத இப்பிள்ளைகளை யார் மணமுடிப்பார் என முறையிட்டார். இது தொடர்பில் அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என நபியவர்கள் கூறினார்கள். வாரிசுரிமை பற்றிய திருவசனம் அருளப்பட்டது. உடனே நபியவர்கள் அச்சகோதரரை அழைத்து, இரு புதல்வியருக்கும் மூன்றில் இரண்டு பங்கையும், தாய்க்கு எட்டில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டு, எஞ்சியதைத் தாம் வைத்துக் கொள்ளுமாறு பணித்தார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்சம்பவம் திர்மிதி, அபூதாவூத் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், அத்தாய் இத்தாவையோ துக்கத்தையோ காரணம் காட்டி அமைதியாக இருக்கவில்லை. நபியவர்களும் அவரைப் பொறுத்திருக்குமாறு கூறித் திருப்பி அனுப்பவில்லை. உரிமையைக் கேட்பது பேராசையாகக் கருதப்படவில்லை. இன்று தம் பங்கைக் கேட்கும் சகோதரியை 'சொத்துக்காக நானாவுடன் சண்டை பிடிப்பவள்' என ஏசும் நமக்கு இதில் பெரும் படிப்பினை உண்டு.

முதலில் எது அவருடைய சொத்து?

பங்கீட்டுக்கு முன்னர், மரணித்தவருக்குச் சொந்தமானவை எவை என்பதைத் தெளிவாக அறிந்து கொள்ள வேண்டும். கணவன் மனைவி இருவரின் சொத்துக்களும் இஸ்லாத்தில் தனித்தனியானவை. நம் பகுதிகள் பலவற்றில் குடியிருக்கும் வீடு மனைவியின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். கணவன் மரணித்தால் அவ்வீடு அவருடைய சொத்தில் சேராது. மனைவி மரணித்தாலோ அது அவருடைய சொத்தாகப் பங்கிடப்பட வேண்டும். பிள்ளைகள் இருப்பின் கணவனுக்குக் கிடைப்பது அதில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. மனைவியின் நகையும் அவ்வாறே அவருக்குரியது.

வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளின் பணமும் பெரும் பிணக்குக்குக் காரணமாகின்றது. கட்டாரிலோ சவூதியிலோ பத்து வருடம் உழைத்த மகன், வாப்பாவின் காணியில் வீடு கட்டப் பணம் அனுப்புகின்றான். வாப்பா வபாத்தானதும் வீடு தனக்குரியது என்கின்றான் அவன். காணி வாப்பாவுடையது என்கின்றனர் மற்றவர்கள். அப்பணம் அன்பளிப்பா, கடனா, அல்லது கூட்டு முதலீடா என்பது அனுப்பிய நாளிலேயே எழுதப்பட்டிருந்தால் இப்பிணக்குத் தோன்றியிராது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு சூரதுல் பகராவின் 282 ஆம் வசனம் கட்டளையிடுவது தந்தைக்கும் மகனுக்கும் பொருந்தாது என நாம் எண்ணிவிட்டோம்.

ஆகவே மரணம் நிகழ்ந்து முதல் சில வாரங்களுக்குள் குடும்பத்தினர் ஒன்றுகூடி ஒரு பட்டியல் தயாரித்தல் வேண்டும். காணி உறுதிகள், வங்கிப் புத்தகங்கள், ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம், கடையின் சரக்கு, வாகனம், பிறரிடமிருந்து வர வேண்டிய பணம் ஆகியவை ஒரு பக்கத்தில் இடம்பெற வேண்டும். கொடுக்க வேண்டிய கடன், அடகுச் சீட்டு, வாடகை முற்பணம், கடைக்காரரின் நிலுவை ஆகியவை மறு பக்கத்தில் இடம்பெற வேண்டும். படித்த இளைஞர்கள் இப்பணியைப் பொறுப்பேற்பது வாப்பாவுக்குச் செய்யும் நன்றிக்கடனாகும். பட்டியலின் பிரதி ஒவ்வொரு வாரிசின் கையிலும் இருக்கட்டும்.

வரிசை மாறாத நான்கு கடமைகள்

மரணித்தவரின் சொத்தில் நிறைவேற்ற வேண்டியவை நான்கு. முதலாவது, கபன், அடக்கம் ஆகியவற்றுக்கான நடுத்தரமான செலவு. இரண்டாவது, கடன். மூன்றாவது, வஸிய்யத். நான்காவதே வாரிசுகளின் பங்கு. அடகு வைக்கப்பட்ட பொருளில் மட்டும் அடகு பிடித்தவரின் உரிமை இவை அனைத்துக்கும் முந்தியது.

கடன் என்றதும் கடைக் கணக்கை மட்டும் நினைத்தல் கூடாது. மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹர் ஒரு கடன். நிறைவேற்றப்படாத ஸகாத்தும், கடமையாகியும் செய்யாது விட்ட ஹஜ்ஜும் ஷாபிஈ மத்ஹபின்படி அவருடைய சொத்திலிருந்து நிறைவேற்றப்பட வேண்டியவை. கடன் தீரும் வரை முஃமினின் ஆன்மா அதனுடன் பிணைக்கப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கடனோடு மரணித்த ஒருவரின் ஜனாஸாவை நபியவர்கள் தொழுவிக்க முன்வராத வேளையில், அக்கடனை அபூ கதாதா (ரழி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். வாப்பாவின் பெயரில் பெரும் சதக்காச் செய்ய விரும்பும் பிள்ளைகள் முதலில் அவருடைய கடன்காரரைத் தேடிச் செல்லட்டும்.

மரணித்தவரின் பெயரில் உணவளிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பங்கிடப்படாத சொத்தில் பருவமடையாத பிள்ளைகளின் உரிமையும் கலந்திருக்கின்றது. அதிலிருந்து விருந்துக்குச் செலவிட எவருக்கும் அதிகாரமில்லை. செய்ய விரும்பும் பெரியவர்கள் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து செய்து கொள்ளட்டும். அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்போர் தம் வயிறுகளில் நெருப்பையே நிரப்புகின்றனர் என்ற எச்சரிக்கை, சூரதுன் நிஸாவில் வாரிசுரிமை வசனங்களுக்குச் சற்று முன்னரே இடம்பெற்றுள்ளது.

ஓர் உதாரணக் கணக்கு

ஒரு வியாபாரி மரணித்து விட்டார் எனக் கொள்வோம். அவருக்கு மனைவியும், வயதான தாயும், இரு ஆண் மக்களும், இரு பெண் மக்களும் உள்ளனர். காணியும் கட்டடமும் 70 இலட்சம் ரூபா. கடைச் சரக்கும் பணமும் 18 இலட்சம். மொத்தம் 88 இலட்சம்.

அடக்கச் செலவு 1 இலட்சம், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய கடன் 5 இலட்சம், மனைவியின் மஹர் நிலுவை 1 இலட்சம் ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது 81 இலட்சம். இதில் மூன்றில் ஒன்றாகிய 27 இலட்சம் வரை வஸிய்யத் செல்லுபடியாகும். அவர் ஒரு மத்ரஸாவுக்கு 9 இலட்சம் வஸிய்யத் செய்திருந்தார் எனில் அதனையும் நிறைவேற்றிய பின் வாரிசுகளுக்கு எஞ்சுவது 72 இலட்சம்.

மனைவிக்கு எட்டில் ஒன்று: 9 இலட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று: 12 இலட்சம். மீதி 51 இலட்சம். ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற முறையில் இதனை ஆறு பங்குகளாக்கினால் ஒரு பங்கு எட்டரை இலட்சம். எனவே ஆண் மக்கள் ஒவ்வொருவருக்கும் 17 இலட்சமும், பெண் மக்கள் ஒவ்வொருவருக்கும் எட்டரை இலட்சமும் கிடைக்கும்.

இதில் பெரும்பாலான குடும்பங்கள் மறந்து விடுவது தாயின் பங்கையே. மகனின் சொத்தில் மூதாட்டிக்கு என்ன பங்கு என எண்ணி விடுகின்றனர். அவ்வாறு பங்கிடாமல் இருக்கையில் அத்தாயும் வபாத்தாகிவிட்டால் நிகழ்வதைச் சிந்தித்துப் பாருங்கள். அவருக்குரிய 12 இலட்சம் அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். அதாவது, மரணித்தவரின் சகோதர சகோதரிகளும் அவ்வீட்டுக்குப் பங்காளிகளாகி விடுகின்றனர். அவர்களுள் ஒருவர் மரணித்தால் அவருடைய மனைவி மக்களும் சேர்ந்து கொள்கின்றனர். ஆறு பேர் அமர்ந்து ஒரே நாளில் முடித்திருக்கக்கூடிய விடயம், இருபது வருடங்களின் பின் முப்பது பேரின் கையொப்பத்தைத் தேடி அலையும் விடயமாக மாறிவிடுகின்றது. அவர்களுள் சிலர் வெளிநாட்டில் இருப்பர். சிலரின் முகவரியும் தெரியாது.

வாரிசுகளின் அமைப்புக்கேற்பப் பங்குகள் மாறுபடும். கணவன் அல்லது மனைவி, தாய், தந்தை, மகன், மகள் ஆகியோர் எந்நிலையிலும் முற்றாக விலக்கப்பட மாட்டார்கள். ஏனையோரின் நிலை அவ்வாறன்று. ஆகவே பராயிழ் கலை கற்ற ஆலிம் ஒருவரிடம் எழுத்து மூலம் கணக்கைப் பெற்றுக் கொள்வது அவசியமாகும்.

நாட்டுச் சட்டம் என்ன கூறுகின்றது?

இலங்கையில் மரணசாதனம் எழுதாமல் மரணிக்கும் முஸ்லிம் ஒருவரின் சொத்து, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டத்துக்கமையப் பங்கிடப்படும் என 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஏற்றுக் கொண்டுள்ளது. இது நமக்குக் கிடைத்த பெரும் பாக்கியமாகும். எனினும் இதனை நடைமுறைப்படுத்துவது காழி நீதிமன்றம் எனப் பலர் தவறாக எண்ணுகின்றனர். திருமணம், விவாகரத்து, தாபரிப்பு போன்றவையே காழியாரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. வாரிசுச் சொத்து மாவட்ட நீதிமன்றத்தின் விடயமாகும்.

சட்டம் குறிப்பிடும் பெறுமதியைத் தாண்டிய சொத்தை மரணித்தவர் விட்டுச் சென்றிருப்பின், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குத் தொடர வேண்டியிருக்கும். 'டெஸ்டமென்டரி வழக்கு' எனச் சட்டத்தரணிகள் கூறுவது இதனையே. அப்பெறுமதி காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வந்துள்ளதால் அதனைச் சட்டத்தரணியிடம் கேட்டறிவது நன்று. மரண அத்தாட்சிப் பத்திரம், சொத்துப் பட்டியல், வாரிசுகளின் விபரம் ஆகியவற்றுடன் மனுத் தாக்கல் செய்யப்படும். பத்திரிகை அறிவித்தல் வெளியாகும். ஆட்சேபனை இருப்பின் நீதிமன்றம் விசாரிக்கும். அதன் பின் மரணசாதனம் இருந்தால் அதில் நியமிக்கப்பட்டவருக்கும், இல்லாவிட்டால் வாரிசுகளுள் பொருத்தமான ஒருவருக்கும் சொத்தை நிருவகிக்கும் அதிகாரம் எழுத்து மூலம் வழங்கப்படும்.

இவ்வதிகாரம் பெற்றவர் சொத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அவர் ஓர் அமானிதக்காரர் மட்டுமே. கடனைத் தீர்த்து, உரியவர்களுக்கு ஒப்படைத்து, நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டுவதே அவருடைய கடமை. மூத்த மகனின் பெயரில் பத்திரம் கிடைத்துவிட்டதால் எல்லாம் அவருடையது என மற்றவர்கள் ஒதுங்கி விடுவதும், அவரும் அவ்வாறே நடந்து கொள்வதும் பெரும் தவறாகும்.

சேமலாப நிதியிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளரின் நிலை பற்றியும் கேள்வி எழுகின்றது. நிறுவனம் பணத்தை அவரிடமே கொடுக்கும். ஆயினும் மரணித்தவரின் உழைப்பால் சேர்ந்த பணம் ஷரீஅத்தின் பார்வையில் அவர் விட்டுச் சென்ற சொத்தாகும். படிவத்தில் பெயர் எழுதப்பட்டதால் மட்டும் ஏனைய வாரிசுகளின் உரிமை அல்லாஹ்விடத்தில் நீங்கி விடுமா என்பதை, பணத்தைப் பெற்றவர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெற்ற பின்னரே செலவிட வேண்டும்.

கணக்கில் உடன்பாடு ஏற்பட்டதும், காணிகளை நில அளவையாளர் மூலம் அளந்து வரைபடம் தயாரித்து, நொத்தாரிஸ் முன்னிலையில் உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். வாய்மொழிப் பங்கீடு அடுத்த தலைமுறைக்குச் செல்லுபடியாகாது. உடன்பாடு ஏற்படாதவிடத்து நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கே எஞ்சும். அது பல வருடங்களையும் பெரும் பணத்தையும் விழுங்கி விடும். வாரிசுகளுள் சிறுவர்கள் இருப்பின் அவர்களுக்குரிய காணியை நீதிமன்ற அனுமதியின்றி விற்க முற்படுதல் கூடாது.

சகோதரியின் கையொப்பம்

'தாத்தாவுக்குக் கலியாணத்தின்போதே வீடு கொடுத்தாயிற்று. இனி அவருக்குப் பங்கில்லை' என்ற வார்த்தையை நாம் அடிக்கடி கேட்கின்றோம். வாப்பா உயிரோடு இருக்கையில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பாகும். அவர் மரணித்த பின் கிடைப்பது வாரிசுரிமையாகும். முன்னையது பின்னையதை நீக்கி விடாது. இனிப் பங்கு கேட்க மாட்டேன் என வாப்பாவின் வாழ்நாளில் எழுதிக் கொடுத்திருந்தாலும், அப்போது ஏற்பட்டிராத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் முடிவாகும். ஆண் மக்களுக்கு ஒன்றும் மிஞ்சாதவாறு பெண் மக்களுக்கே அனைத்தையும் எழுதிவிடும் பெற்றோரும், பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு நபியவர்கள் இட்ட கட்டளையை நினைவு கொள்ளட்டும்.

மரணத்தின் பின் ஒரு சகோதரி தன் பங்கை மனமுவந்து விட்டுக் கொடுக்கலாம். ஆனால் தன் பங்கு எவ்வளவு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். அதனை மறுக்கும் சுதந்திரமும் அவருக்கு இருக்க வேண்டும். கணக்குக் காட்டாமல், வாசித்துக் காட்டாமல், 'இதில் ஒரு கையொப்பம் போடுங்கள்' எனப் பெற்ற கையொப்பம் மனமுவந்து கொடுத்ததாகுமா? முதலில் அவருடைய பங்கை அவர் கையில் கொடுங்கள். அதன் பின் அவர் திருப்பித் தந்தால் அது ஹலாலான அன்பளிப்பு. அவர் தராவிட்டால் அது அவருடைய உரிமை.

உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியவை

பெற்றோர்களே! வஸிய்யத் செய்ய வேண்டிய விடயம் உள்ள ஒரு முஸ்லிம், அது எழுதப்படாத நிலையில் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இன்றே ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் சொத்துக்களையும், கடன்களையும், உங்களிடமுள்ள பிறரின் அமானிதங்களையும் எழுதுங்கள். உறுதிகள் எங்குள்ளன என்பதை மனைவிக்கும் நம்பிக்கையான ஒரு பிள்ளைக்கும் தெரிவியுங்கள்.

நாட்டின் பொதுச் சட்டம் ஒருவருக்குத் தம் முழுச் சொத்தையும் விரும்பியவருக்கு மரணசாதனமாக எழுதும் அதிகாரத்தை வழங்குகின்றது. அச்சட்டம் அனுமதிக்கின்றது என்பதற்காக ஒரு முஸ்லிம் அவ்வாறு எழுதிவிட முடியாது. தம் முழுச் சொத்தையும் வஸிய்யத் செய்ய விரும்பிய ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் மூன்றில் ஒன்றையே அனுமதித்து, அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பதும் நபிமொழியாகும்.

அந்த மூன்றில் ஒன்றுக்கு மிகத் தகுதியானவர்கள் நம் வீட்டிலேயே இருக்கலாம். தந்தையை இழந்த பேரப்பிள்ளைகள், பாட்டனாரின் வேறு ஆண் மக்கள் உயிரோடு இருப்பின் வாரிசாக மாட்டார்கள். சாச்சாமார் சொத்தெடுக்க அநாதைப் பேரர்கள் வெறுங்கையுடன் நிற்கும் நிலையை ஒரு வஸிய்யத்தால் தவிர்க்கலாம். எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் அவ்வாறே.

வெறும் தாளில் எழுதி அலுமாரியில் வைத்த வஸிய்யத்தை நீதிமன்றம் ஏற்காது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நொத்தாரிஸ் ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க, அல்லது நொத்தாரிஸ் இன்றி ஐந்து சாட்சிகள் முன்னிலையில் அது கையொப்பமிடப்பட வேண்டும். எனவே உள்ளடக்கத்தை ஆலிமிடமும், வடிவத்தைச் சட்டத்தரணியிடமும் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

அன்பார்ந்த சகோதரர்களே! சொத்துப் பங்கிடும் சபையில் பங்கு இல்லாத உறவினரும், அநாதைகளும், ஏழைகளும் வந்தால் அவர்களுக்கும் ஏதேனும் கொடுத்து அன்பாகப் பேசுமாறு அல்குர்ஆன் நமக்குக் கற்றுத் தருகின்றது. பங்கில்லாதவரையே வெறுங்கையுடன் அனுப்பாத மார்க்கம், பங்குள்ளவரின் உரிமையைப் பறிப்பதை எவ்வாறு பொறுத்துக் கொள்ளும்? சென்ற வருடமோ அதற்கு முன்னரோ மரணித்த உறவினரின் சொத்து உங்கள் குடும்பத்திலும் பங்கிடப்படாமல் இருக்குமாயின், இவ்வாரமே சகோதர சகோதரிகளை அழைத்து அமருங்கள்.

யா அல்லாஹ்! எங்களை முந்திச் சென்றவர்களின் பாவங்களை மன்னிப்பாயாக! அவர்களின் கடன்களைத் தீர்க்கும் ஆற்றலை எங்களுக்குத் தருவாயாக! பிறரின் பங்கில் ஒரு சல்லியும் எங்கள் வீடுகளுக்குள் நுழையாது காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.